உன் பேத்தி படிப்பைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கு

ராணிப்பேட்டை
ஐப்பசி முதல் வாரம், 2025

அன்புள்ள தட்சிணா,

இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்ததா?

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிவிட்டது. மேஜையில் கண்ணில் படுகிற இடத்தில்தான் வைத்திருந்தேன். தினமும் அதைப் பார்த்து மனசு குத்தியதுதான் மிச்சம். “என் பேத்தி யாழினி பெட்ரோலிய இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கடலில் எண்ணெய் எடுக்கிற தொழிலுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆயுசு? தொழிற்சாலையில் இருந்தவன் நீ, சொல்லு” என்று கேட்டிருந்தாய். ஒரு பெண்ணின் படிப்பு விஷயம். தெரியாமல் எதையாவது எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எழுதக் காரணம், புரட்டாசியில் தம்பி மகன் சேகர் வந்திருந்தான். அவன் எங்கே வேலை செய்கிறான் தெரியுமா? கயானா கடலில். அது எங்கே என்று நீ வரைபடம் தேட வேண்டியிருக்கும். பூகோள வகுப்பில் நீ தூங்கியது குண்டு சாருக்கே தெரியும். தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், வெனிசுலாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நாடு. ஜனத்தொகை எட்டு லட்சம் சொச்சம். மூன்றாகப் பிரித்தபிறகு மிஞ்சிய நம் வேலூர் மாவட்டத்தில் பாதி என்று வைத்துக்கொள்.

அவனுக்கு 28 நாள் கப்பல், 28 நாள் வீடு. தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து ஹெலிகாப்டரில் கூட்டிப் போகிறார்கள். கரையிலிருந்து கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். நாம் சென்னை போய்ச் சேர்கிற தூரத்தைவிட அதிகம், அத்தனையும் தண்ணீர். அவன் இருப்பது கப்பல் என்று பேர், ஆனால் எங்கும் போகாது. நங்கூரச் சங்கிலிகளால் எல்லா மூலையிலும் கட்டிப்போட்ட தொழிற்சாலை. கடலடிக் கிணறுகளிலிருந்து குழாய் வழியாக எண்ணெயும் வாயுவும் தண்ணீரும் கலந்து மேலே வரும். இதிலேயே பிரித்து, இதன் வயிற்றிலேயே எண்ணெயைச் சேர்த்து, வாங்க வருகிற டேங்கர் கப்பலுக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே கடலின் ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். நாம் மூச்சு வாங்க ஏறினோமே, ஏலகிரியில் சுவாமிமலை உச்சி, அந்த மலையையே அங்கே இறக்கினால் முகடுகூட வெளியே தெரியாது. அதற்கும் கீழே பாறைக்குள் போகிறது கிணறு.

பத்து நாள் திண்ணையில் உட்கார்ந்து அவனைப் பேச வைத்தேன். அப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தட்சிணா, எனக்கு இதில் பைத்தியமே பிடித்துவிட்டது.

வரதன் மூன்று போர்வெல் போட்டு மூன்றிலும் தண்ணீர் வராமல் புகை வந்ததே, நினைவிருக்கிறதா? கயானா சுற்றுவட்டாரக் கடலிலும் எண்ணெய் தேடி நாற்பதுக்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டி, ஒன்றும் தேறாமல் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பார்கள். அங்கே ஒரு கப்பல், கிலோமீட்டர் கணக்கில் நீளமான கேபிள்களை இழுத்துக்கொண்டு போய், அழுத்திய காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்கவிட்டு, கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்புகிற எதிரொலியைக் காது வைத்துக் கேட்கும். அதை வைத்து வரைந்த படத்தில் எண்ணெய் தெரியாது. எண்ணெய் இருந்தால் தங்கக்கூடிய இடம்தான் தெரியும். இருக்கிறதா என்பதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸான்மொபில் 1999இலேயே ஒப்பந்தம் போட்ட இடம் அது. அடுத்த வருஷமே பக்கத்து நாடான சுரினாமின் கடற்படைப் படகுகள் வந்து, வேறொரு கம்பெனியின் துரப்பண மேடையை விரட்டிவிட்டன. எல்லைத் தகராறு தீர 2007 ஆகிவிட்டது. எக்ஸானோடு பாதிப் பங்கு வைத்திருந்த ஷெல் கம்பெனி 2014இல் கழன்றுகொண்டது. மறுவருஷம் மே மாதம் முதல் கிணற்றிலேயே அகப்பட்டது! மொத்தம் 5,433 மீட்டர் ஆழம், அதில் 90 மீட்டருக்கு மேல் எண்ணெய் ஊறிய மணற்பாறை. அந்த வயலுக்கு லிசா என்று பேர். மீன் பேர்தான், நம் மடவை மீனின் வகை. அதன் பிறகு வந்த வயல்கள் பலவற்றுக்கும் மீன் பேர்களையே வைத்திருக்கிறார்கள்.

2019 டிசம்பரில் முதல் எண்ணெய். இப்போது நாலு கப்பல் நிற்கிறது. இந்த ஆகஸ்டில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்த நாலாவது ஒன்றுக்கே நாளுக்கு 2.5 லட்சம் பீப்பாய் கொள்ளளவு. மொத்தம் 1,100 கோடி பீப்பாய்க்கு மேல் எடுக்கலாம் என்கிறார்கள். 2022இல் மட்டும் அந்த நாட்டுப் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. ஊரே கட்டடமும் பாலமுமாகக் கிடக்கிறதாம். வாடகையும் காய்கறி விலையும் கூடவே ஏறிவிட்டது என்று அங்கத்து ஜனம் புலம்புகிறார்களாம்.

இதற்கு நடுவில் சேகர் சொன்ன ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். கயானாவில் பெர்பீஸ் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்கிற பையன் தன் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். உள்ளே மாரியம்மா. பக்கத்தில் மதுரை வீரன், முனீஸ்வரன், காட்டேரி. அடிக்கிற மேளத்துக்குப் பேர் தப்பு! அவர்களும் அதைத் தப்பு என்றே சொல்கிறார்கள். அந்தப் பையனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நெருப்பில் காட்டி, தோல் இறுகியதும் தட்டிப் பார்த்து, மறுபடி நெருப்பில் காட்டினானாம். நம் ஊர்த் திருவிழாவில் செய்கிற அதே மாதிரி. 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோன இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களில், சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். நம் வட ஆற்காட்டு ஆட்களும் அதில் இருந்திருப்பார்கள் என்று என் மனம் சொல்கிறது. அன்றிலிருந்து அந்த ஊர் எனக்கு அயலூராகத் தெரியவில்லை.

அதனால்தான் எண்ணெய்க் கம்பெனிகளோடு கயானா போட்ட ஒப்பந்தத்தைப் படித்தபோது வயிறு எரிந்தது. 2016இல் மறுபடி எழுதியது. நூறு பீப்பாய் எடுத்தால் 75 வரை செலவுக்கணக்கில் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 25இல் ஆளுக்குப் பாதி, அதாவது நாட்டுக்குப் பன்னிரண்டரை. அதோடு எடுக்கிற எண்ணெய்க்காக நாட்டுக்குக் கொடுக்கிற ராயல்டி இரண்டு. ஆகப் பதினாலரை. கம்பெனிகளின் வருமான வரியையும் அரசாங்கமே தன் பங்கிலிருந்து கட்டியதாகக் கணக்கு. ஒரு வயலில் வருகிற எண்ணெயில் இன்னொரு வயலைத் தோண்டுகிற செலவையும் கழிக்கலாம் என்பதால், புது வயல் வரவர அந்த 75 எளிதில் இறங்காது. கையெழுத்துப் போட்டதற்கு 1.8 கோடி டாலர் கொடுத்திருக்கிறார்கள். அந்த விஷயம் ஜனங்களுக்குத் தெரிய 2017 கடைசி ஆகிவிட்டது. யாரும் துணியாத இடத்தில் பணம் போட்டவனுக்கு லாபம் வேண்டும், அது நியாயம். ஆனால் கண்டுபிடித்த பிறகு, எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அப்படி ஒரு கையெழுத்து எதற்கு? புது இடங்களுக்கு 2023இல் ராயல்டியைப் பத்தாக்கி, செலவுக்கணக்கை 65க்கு இறக்கி, வரியும் போட்டுவிட்டார்கள். பழையது பழையதுதான்.

பணமாவது போகட்டும். என் கவலை வேறு.

அம்மா வீட்டுக் கிணற்றை நீ பார்த்திருக்கிறாய். அதில் நீச்சல் கற்றதே நாம்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலாற்று மணலில் முழங்கை அளவு தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கல், இரண்டு கை இறைத்துவிட்டுக் காத்திருந்தால் கண்ணாடி. உள்ளங்கையில் அள்ளிக் குடிப்போம், அடியில் மணல் உருளுவது தெரியும். அப்புறம் தோல் பதனிடுகிற ஷாப்புகள் பெருகின. ஊருக்கே வேலை கிடைத்தது. எனக்கும் கிடைத்தது, அந்தச் சம்பளத்தில்தான் தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தேன். பச்சைத் தோல் கெடாமல் இருக்கக் கொட்டின உப்பு, ஊறவைத்த தண்ணீரோடு ஓடையில் போனது. பின்னாலேயே தோல் பதனிடுகிற குரோம் ரசாயனமும் போனது. அம்மா ஒருநாள் சோறு வடித்துக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினாள், மஞ்சள் பாரித்திருந்தது. இளநீர் கரித்தது. லேபில் அந்தத் தண்ணீரைச் சோதித்து வந்த எண்களை நோட்டில் எழுதினவன் நான். யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. இதை உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை, தட்சிணா.

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன்தான் சரிசெய்யவும் நஷ்ட ஈடு கொடுக்கவும் வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்று. இந்த நாட்டுச் சட்டப் புத்தகங்களில் நம் ஊர்ப் பேரால் நிற்கிற தீர்ப்பு. அந்த நீதிமன்றமே 2025 ஜனவரியில், பாக்கி நஷ்ட ஈட்டைக் கொடு, ஆற்றைச் சரிசெய் என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் ஓடியது இருபத்தெட்டு வருஷம். அம்மா போய்விட்டாள், கிணறு குப்பைக்குழி ஆகிவிட்டது.

கயானாவிலும் இதே கேள்வி கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. கடலில் எண்ணெய் கொட்டினால் யார் முழுப்பொறுப்பு? 2023 மே மாதம் அங்கத்து உயர் நீதிமன்றம், கம்பெனி வரம்பில்லாத உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்றது. அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, 200 கோடி டாலர் உத்தரவாதம் போதும் என்றது. முதல் கப்பலில் வாயுவை அழுத்துகிற கம்ப்ரஸர் கோளாறாகி வாயுவை மாதக்கணக்கில் எரித்த பிறகுதான், 2021இல், எரிப்பதற்குக் கட்டணம் வந்தது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நோட்டில் எழுதின எண்கள் ஞாபகம் வருகிறது. தப்பு அடித்த அந்தப் பையனின் ஊர் எப்படிப்பட்டது தெரியுமா? கடலோரத்தில் பெரும்பகுதி, கடல் ஏறும்போது இருக்கிற மட்டத்துக்குக் கீழே. டச்சுக்காரன் காலத்திலிருந்து கடற்சுவர் கட்டி, காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி மதகு வைத்து, கடல் இறங்கும்போது திறந்து ஏறும்போது மூடி வாழ்கிறார்கள். ஜனத்தில் பெரும்பங்கு அந்தக் கரையில்தான். எண்ணெய் கொட்டினாலும் கஷ்டம், எல்லோரும் எண்ணெய் எரித்துக் கடல் உயர்ந்தாலும் கஷ்டம். அவர்களுக்குத் தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு ஏழையாகவே இருப்பார்கள்? நாம் எழுதாமல் விட்ட நிபந்தனைகளை அவர்கள் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, யாழினிக்கு வருகிறேன். படிக்கட்டும். இந்தத் தொழிலில் ஏற்ற இறக்கம் உண்டு என்று மட்டும் சொல்லிவிடு. நம் கிருஷ்ணா கோதாவரிக் கடலில் 2009இல் வாயு வர ஆரம்பித்தது, அடுத்த வருஷம் நாளுக்கு ஆறு கோடி கன மீட்டரைத் தொட்டது, பிறகு சில வருஷத்திலேயே தண்ணீரும் மணலும் ஏறிச் சரிந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் நமீபியாவின் கடலில் 2022இல் பெரிதாக எண்ணெய் கண்டுபிடித்தார்கள். பாறை இடம் கொடுக்காமல், இந்த ஜனவரியில் ஷெல் 40 கோடி டாலர் அளவுக்கு நஷ்டம் எழுதியது. அதே சமயம் கயானாவுக்குப் பக்கத்துச் சுரினாமில் 2028இல் எண்ணெய் எடுக்க வேலை நடக்கிறது. நம் கன்னியாகுமரிக்கு அப்பால்கூட எண்ணெய் தேட மூன்று வட்டாரங்களை அரசின் எண்ணெய்க் கம்பெனியான ஓ.என்.ஜி.சி.க்குக் கொடுத்திருக்கிறார்கள். மீனவர்கள் எதிர்க்கிறார்கள், அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவளுக்கு வேலை செய்ய முப்பது முப்பத்தைந்து வருஷம் இருக்கிறது. அதற்குள் எண்ணெய் எடுக்கிற வேலை குறைந்தாலும், தோண்டின கிணறுகளை ஒழுங்காக அடைக்கிற வேலை குறையாது. கடலடிப் பாறையைப் படிக்கத் தெரிந்தவளுக்குப் பஞ்சம் வராது.

ஆனால் தோண்டுகிற பாடத்தோடு தண்ணீரைச் சோதிக்கிற பாடத்தையும் எடுக்கச் சொல். ஒப்பந்தம் படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல். நாளைக்கு அவள் கையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் எழுதின எண்ணை யாரும் கேட்காவிட்டாலும் அவள் எழுந்து சொல்ல வேண்டும். நீ சொன்னால் சிரிப்பாள், நான் சொல்கிறேன்.

சேகர் கார்த்திகை பிறந்ததும் திரும்ப வருகிறான். அப்போது அவளை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் வந்து தங்கு. காட்பாடியில் இறங்கினால் போதும், நான் வண்டியோடு நிற்கிறேன். கப்பல் கதையை அவன் சொல்லட்டும், ஆற்றங்கரைக்கு நான் கூட்டிப் போகிறேன். இலவம்பாடி முள்ளுக்கத்திரி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மக்கன்பேடா உனக்கு இரண்டுதான், தங்கச்சியிடம் இப்போதே சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

வருகிற தேதியை ஒரு கார்டில் எழுது. என்னைப் போல நாலு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

உன்
ஏகாம்பரம்