நோட்டு வாங்கும் முன், பின்பக்க அட்டையைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி திறக்கப் போகிறது. வழக்கம்போல் நோட்டுகளை மொத்தமாகவே வாங்கிவிடலாம். இந்த முறை ஒரு வேண்டுகோள்.

கடையில் நோட்டைத் திருப்பி, பார்கோடு இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். டிக் குறி அப்படியே வளைந்து மரமாக முடிவது போல ஒரு சின்னப் படம் இருந்தால், அது எஃப்.எஸ்.சி. முத்திரை. காடுகளைப் பொறுப்போடு பராமரிக்க 1993-இல் தொடங்கிய அமைப்புதான் எஃப்.எஸ்.சி. முத்திரையில் ‘100%’ என்றால் முழுக்கச் சான்று பெற்ற காட்டு மரம். ‘ரீசைக்கிள்டு’ முழுக்க மறுசுழற்சி. ‘மிக்ஸ்’ என்றால் கலப்பு, அதுவும் பரவாயில்லை. படத்தோடு ‘சி’ என்று தொடங்கும் ஆறு இலக்க எண் இருக்கும். அதை அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் யாருடைய உரிமம் என்று தெரிந்துவிடும். வெறும் பச்சை இலைப் படத்தை மட்டும் பார்த்து தயவுசெய்து நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

முத்திரை கிடைக்கவில்லையா? கரும்புச் சக்கைக் காகிதம் கேளுங்கள். தமிழக அரசு 1979-இல் தொடங்கிய டி.என்.பி.எல். நிறுவனம், கரூர் பக்கம் காகிதபுரத்தில் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத்தான் காகிதம் செய்கிறது. நம் ஊர்ச் சரக்கு, எழுதவும் நன்றாக இருக்கிறது.

பென்சில், டிஷ்யூ வாங்கும்போதும் இதே முத்திரையைத் தேடலாம். கட்டில், அலமாரி செய்யக் கொடுப்பவர்கள் ஆசாரியிடம் முதலில் பழைய வீட்டுத் தேக்கு கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அப்புறம், போன வருட நோட்டுகளில் மிச்சமிருக்கும் வெற்றுத் தாள்களைக் கிழித்துக் கொண்டு வாருங்கள், தைத்து ரஃப் நோட்டு ஆக்கித் தருகிறேன். யாருக்கு எத்தனை நோட்டு வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள்.