உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் வழக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடிந்த பிறகும், தொகுதி வரையறை முடியவில்லை என்று சொல்லி மாநிலத்தை அதிகாரிகள் பொறுப்பில் விட்டுவைத்தால் எந்தக் கட்சியும் பொறுத்துக்கொள்ளாது. கிராம ஊராட்சிகளுக்கோ இது பழகிப்போன ஒன்றாகிவிட்டது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலுக்கான அறிவிப்பை, பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் குறையைச் சில மாதங்களில் சரிசெய்து தேர்தலை நடத்தியிருக்கலாம். ஆனால் வார்டு மறுவரையறை (வார்டு எல்லைகளைத் திருத்தி அமைப்பது), வழக்கு, மேல்முறையீடு என்று காலம் ஓடி, 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. எஞ்சிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. ஏறக்குறைய ஒரு முழுப் பதவிக்காலமே அங்கு பறிபோனது. பிறகு அந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்களே மீண்டும் வந்தார்கள். இடையில் ஆளும் கட்சி மாறியிருந்தது. சொல்லப்பட்ட காரணம் மாறவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 243உ பிரிவு இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வும், மத்தியப் பிரதேசம் குறித்த வழக்கில் 2022-இல் அதே நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கின்றன. மறுவரையறை முடியாவிட்டால் ஏற்கெனவே உள்ள வார்டுகளின்படியே தேர்தலை நடத்தலாம் என்பதே 2022 உத்தரவின் சாரம்.

தனி அலுவலர்களை நான் குறை கூறவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள். ஒன்றிய அளவிலான ஓர் அலுவலர், தன் வழக்கமான பணிகளோடு இத்தனை ஊர்களின் மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, தூய்மைப் பணி ஆகியவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவருக்கே இழைக்கும் அநீதி. மோட்டார் பழுதாகித் தண்ணீர் வராத தெருவில் இருப்பவர் வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் வர அவர் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். கிராம சபை அப்போதும் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அங்கு நிறைவேறும் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க, அடுத்த தேர்தலில் அதே மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டிய ஒருவர் இருப்பதில்லை. பெண்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டின் பயனும் தேர்தல் நடந்தால்தானே கிடைக்கும்? நிதி இழப்பு வேறு: முதல் இடைவெளியின்போது, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லாததைக் காரணம் காட்டி, நிதிக்குழு மானியத்தை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது நினைவிருக்கலாம்.

எனவே 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு திருத்தம் தேவை. வார்டு மறுவரையறையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் பதவிக்காலத்தின் நான்காம் ஆண்டு முடிவதற்குள் இறுதி செய்யப்பட வேண்டும்; தவறினால், நடப்பிலுள்ள வார்டுகளிலேயே தேர்தல் நடக்கும் என்று சட்டமே சொல்ல வேண்டும். ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகளுக்கும் ஐந்தாம் ஆண்டில் தடை வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன் நிர்வாக எல்லைகளை மாற்றாமல் நிறுத்திவைக்கும் நடைமுறை ஏற்கெனவே இருப்பதால், இது நிர்வாகத்துக்குப் புதிதல்ல. இதை எந்தக் கட்சி சட்டமன்றத்தில் முன்மொழிந்தாலும் மற்றக் கட்சிகள் எதிர்ப்பதற்கு நியாயமான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை மாவட்டம்