மைப்பெட்டியை மூடிய பெண்ணுக்கு

அம்மாவின் பெயர் இறுதி வாக்காளர் பட்டியலில் வந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் பார்த்தோம். பாகம் எண், வரிசை எண், அப்பாவின் பெயர், வயது 71 எல்லாம் சரியாக இருக்கின்றன. வரைவுப் பட்டியலில் விட்டுப்போனதும் அதற்காக நாங்கள் அலைந்ததும் தெருவுக்கே தெரியும். அதை மறுபடி எழுத மனமில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று முறை வீடு தேடி வந்த அங்கன்வாடி டீச்சர், பரணில் ஏறிப் பழைய ரேஷன் கார்டைத் தேடி எடுத்த சின்னம்மா, காசு வாங்க மறுத்த ஜெராக்ஸ் கடைக்காரர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை போட்டுக்கொள்ளாத இரண்டு கட்சி முகவர்கள், எல்லோருக்கும் எங்கள் வீட்டின் வணக்கம்.

ஆனால் இந்த மடல் ஒரு பெண்ணுக்கு. சிறப்பு முகாம் நடந்த சனிக்கிழமை, பள்ளிக்கூட வராந்தாவில் எங்களுக்குப் பின்னால் நின்றவள். 18 வயது முடிந்து, முதன்முதலாகப் பெயர் சேர்க்க ஆறாம் எண் படிவத்தோடு வந்திருந்தாள்.

எங்கள் படிவத்தில் கையெழுத்துதான் பாக்கி. மதியத்துக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரம் எனக்கு. அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டிப் பக்கம் இழுத்தேன். 50 வருடம் பீடி சுற்றித் தேய்ந்த விரல் அது. ரேகை தெரியவில்லை என்று ரேஷன் கடை இயந்திரமே திருப்பி அனுப்பும் விரல். அந்தப் பெண் எட்டி மைப்பெட்டியை மூடினாள். "ஆயாவே எழுதட்டும் அக்கா, எனக்கு அவசரமில்லை" என்றாள். வரிசையில் நின்ற நேரமெல்லாம் அம்மா தன் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பழகிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பக்கத்திலேயே நின்ற நான் பார்க்கவில்லை.

தன் பரீட்சை அட்டையை அம்மாவின் மடியில் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தாள். தொண்ணூறுகளில் அறிவொளி என்ற முதியோர் எழுத்தறிவு வகுப்பில் அம்மா கற்ற எழுத்து. தகடு வைத்துப் பீடி இலை வெட்டுவதுபோல, ஒவ்வோர் எழுத்தாக அளந்து அளந்து வந்தது. படிவத்தைக் கொடுத்த பிறகு, கடைசி 'ள்' மேல் புள்ளி விட்டுப்போனதென்று திரும்ப வாங்கி வைத்தார். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்; அடங்கிவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1917 டிசம்பரில், சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அரசின் இந்திய அமைச்சர் மாண்டேகுவிடம் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய்க் கேட்ட ஓட்டுரிமை இது. 1921 ஏப்ரலில், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னை சட்டசபைதான் முதலில் 'பெண்' என்ற தடையை நீக்கியது. பெருமைதான். ஆனால் அந்த ஓட்டு சொத்தைக் கேட்டது. முறத்தையும் கத்தரியையும் தவிர எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஏது சொத்து? 1935 சட்டம் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அம்மாவைப் பெற்ற எங்கள் ஆயாவுக்கு அதுவும் எட்டாது. குடியரசான பிறகுதான் எட்டியது. அப்போதும், முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களைச் சேர்க்க முடியாமல் போனது. பெரும்பாலும் வட மாநிலங்களில்.

எங்கள் ஆயாவுக்குச் சிக்கல் வேறு. தன் பெயரைச் சொல்லிவிடுவார், தாத்தா பெயரைச் சொல்ல மாட்டார். பட்டியல் எடுக்க வந்தவரிடம், "ரத்தினகிரி மேலே நிற்கிறாரே, அவர் பெயர்" என்றாராம். வந்தவரும் மலைமேல் நிற்கும் முருகன் என்று புரிந்து எழுதிக்கொண்டார். 1954 இடைத்தேர்தலில் முதலமைச்சர் காமராஜர் எங்கள் குடியாத்தத்தில் நின்றபோது ஆயா நடந்துபோய் ஓட்டுப் போட்டார். அப்போது அவர் வயிற்றில் இருந்தது என் அம்மா. அந்த அம்மாவின் விரலைத்தான் நான் பிடித்து இழுத்தேன்.

அடுத்த முகாமுக்கு நானும் ஓர் அட்டையோடு வந்து உட்காரப் போகிறேன். வேலைக்கு அன்றைக்கு லீவு.

தங்கச்சி, உன் பேனா எங்களிடமே தங்கிவிட்டது. நீல மூடி, நுனியில் பல் கடித்த தடம். அம்மா அதைப் பீடிக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறார், என்னைத் தொட விடுவதில்லை. பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும், "அந்தப் பொண்ணு பெயரும் வந்திருக்கிறதா பார்" என்றார். தேடுவதற்கு உன் பெயரைக் கேட்டுவைத்திருந்தால்தானே.