புளியும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூலை 6ஆம் நாள், உலக விலங்குவழி நோய்கள் தினத்தையொட்டி வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறீர்கள். அன்று நாயைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களிடம், நம் சமையலில் எவை நாய்க்கும் பூனைக்கும் ஆகாதவை என்று தமிழில் அச்சிட்ட ஓர் அரைத்தாளையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்கவே இம்மடல். கல்யாணச் சோற்றை மாட்டுக்கு அளவின்றிக் கொட்டினால் வயிறு உப்பிவிடும் என்பது இன்று ஊரில் பலருக்கும் தெரியும். நாய் விஷயத்தில் அப்படி எடுத்துச் சொல்ல ஆளில்லை.

கைப்பேசியில் சுற்றும் பட்டியல்கள் வெளிநாட்டு அடுக்களைக்கு எழுதப்பட்டவை. மகடாமியா கொட்டையைப் போச்சம்பள்ளி நாய்கள் எங்கே கண்டன? இங்கே அவற்றுக்கு விழுவது சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறும் கறிக்குழம்பின் மிச்சமும்தான். அவற்றில் சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகவே கிடக்கும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நச்சு போவதில்லை. நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் கேடு செய்யும் என்றால், பூனைக்கு 5 கிராமே போதும். ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவதற்குச் சில நாள் ஆகிவிடுவதால், தின்ற குழம்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நம் மாவட்டத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது புளி. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது நெடுநாளாகத் தெரிந்திருந்தும் காரணம் பிடிபடாமலே இருந்தது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மைய மருத்துவர்கள் 2021இல் கருத்துத் தெரிவித்தனர். புளி தின்ற நாய்களுக்கும் அதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2022இல் வெளியான ஆய்வுக்கட்டுரை பதிவுசெய்தது. திராட்சையைவிடப் புளியில் இந்த அமிலம் பல மடங்கு அதிகம். புளி உலுக்கும் காலத்தில், பெண்கள் வாசலில் குவித்து வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்க, நாய்க்குட்டி ஒன்று குவியலின் ஓரத்தில் படுத்து ஒரு சுளையை மென்றுகொண்டிருந்தால் யாரும் விரட்டமாட்டார்கள். ரசஞ்சோறு தின்ற நாயெல்லாம் சாகிறது என்று நான் சொல்லவரவில்லை. உருண்டைப் புளியை எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது என்பதையாவது துறை சொல்ல வேண்டும்.

மாம்பழக் காலத்தில் விழுங்கிய கொட்டை குடலை அடைத்துக்கொள்வது, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை, குழந்தைகள் ஊட்டிவிடும் சாக்லேட் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு வரி போதும். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்ற நச்சுப்பொருளில் பாதி வெளியேறவே நாயின் உடலுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கிறது.

தாளின் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: எதைத் தின்றிருந்தாலும் உப்புக்கரைசல் புகட்டி வாந்தியெடுக்க வைக்கக்கூடாது, அந்த உப்பே நஞ்சாகிவிடும், தின்றதன் மிச்சத்தையோ உறையையோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருந்தகத்துக்கு வர வேண்டும். முகாமுக்குக் காத்திராமல், வரும் மாசிக்கு முன்பே புளி கைமாறும் ஊர்களின் மருந்தகச் சுவர்களில் இதை ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒருவன்,
காவேரிப்பட்டணம்.