கறுப்புத் திரையும் கிரப்பும்

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைக் கடைசி வரியில் எழுதிவிட்டு, லினக்ஸை நீக்கியதும் விண்டோஸ் வராமல் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு படுத்துவிட்டது என்று முதல் வரியில் ஆரம்பிக்கிறாயே, நீ மாறவே இல்லை. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்திலாவது எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று யாரோ சொன்னாராமே, நம்பாதே. விண்டோஸைப் புதிதாகப் போட ஒத்துக்கொள்ளவும் செய்யாதே. திரையில் 'கிரப்' என்று எழுத்து வருகிறது அல்லவா? லினக்ஸா விண்டோஸா என்று கேட்டுத் துவக்கிவைக்கும் லினக்ஸின் சின்ன புரோகிராம் அது. அதுவே டிஸ்கிலிருந்துதான் வருகிறது. உன் படங்களும் கணக்குகளும் அங்கேதான் இருக்கும்.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். பழைய லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, உபுண்டு என்ற லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் அதற்கென்று பிரித்த பகுதியை, அழித்தேன். ஐந்து நொடி வேலை. 40 ஜிபி மிச்சம் என்ற சந்தோஷத்தில் ரீஸ்டார்ட் செய்தால், 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ', பக்கத்தில் மினுக்கிக்கொண்டு ஒரு கோடு. 'ஹெல்ப்' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது! அன்று இரவு தூக்கம் போயிற்று.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. பழைய மாதிரி மெஷின்களில் டிஸ்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் பூட் கோடுக்கு, அதாவது கம்ப்யூட்டரைத் துவக்கும் நிரலுக்கு, கிடைப்பது 446 பைட்தான். அதற்குள் கிரப் முழுசாக அடங்குமா? ஒரு துணுக்கு அங்கே, இன்னொன்று முதல் பார்ட்டிஷனுக்கு முந்தின காலி இடத்தில், மெனு முதலான மற்றதெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள். நான் அழித்தது இந்த மூன்றாவதை. தலை இருந்தது, உடம்பைக் காணோம். வேறு கம்ப்யூட்டரில் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் யூஎஸ்பி ஒன்று தயார் செய்து, அதில் பூட் ஆகி, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினேன். கமாண்ட் விண்டோ திறந்தது. பூட்ரெக் கட்டளையில் 'ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுத்ததும் சரியாகிவிட்டது. பூட் கோடை மட்டும்தான் அது மாற்றி எழுதும், பார்ட்டிஷன் டேபிளைத் தொடாது.

உன்னுடையது புது மெஷின், யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் துவங்குவது. அங்கே கதை வேறு. இஎஃப்ஐ என்று ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் தனியாக இருக்கும். மைக்ரோசாஃப்ட், உபுண்டு இரண்டும் அதில் ஆளுக்கொரு ஃபோல்டர் வைத்திருக்கும். நீ லினக்ஸை அழித்தாலும் அந்த ஃபோல்டர் அப்படியே கிடக்கும். எதை முதலில் துவக்குவது என்று மதர்போர்டு வைத்திருக்கும் பட்டியலிலும் உபுண்டு பெயர்தான் முதலில் நிற்கும்.

அதனால் முதலில் ஒன்று செய். அந்தக் கிரப் திரையில் 'எக்ஸிட்' என்று அடித்து என்டர் தட்டு. பல மெஷின்களில் அடுத்த பெயருக்குத் தாவி விண்டோஸ் வந்துவிடும். வராவிட்டால், ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்2, டெலீட் என்று உன் மெஷினுக்கு உரிய பட்டனை அழுத்தி, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருக்கிறதா பார். இருந்தால் அதை முதலிடத்துக்கு ஏற்று. பெரும்பாலும் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

அந்தப் பெயரே இல்லையென்றால்தான் நான் சொன்ன விண்டோஸ் யூஎஸ்பி. அதே மாதிரி கமாண்ட் விண்டோவைத் திறந்து, டிஸ்க்பார்ட் என்ற கட்டளையில் வால்யூம் பட்டியலைப் பார்த்து, பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும் அந்த ஃபேட்32-க்கு எஸ் என்று எழுத்துக் கொடு. பிறகு, விண்டோஸின் துவக்கக் கோப்புகளைத் திரும்ப எழுத, பிசிடிபூட் என்று அடித்து, விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, சாய்கோடு எஸ் போட்டு அந்த எழுத்து, சாய்கோடு எஃப் போட்டு யூஇஎஃப்ஐ. இங்கே ஒன்று கவனி: யூஎஸ்பியில் வந்தால் உன் சி டிரைவ் டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம். நான் அரை மணி நேரம் தப்பான டிரைவைக் கொடுத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தேன். பூட்ரெக்கின் 'ஃபிக்ஸ்பூட்' இந்த மாதிரி மெஷின்களில் அனுமதி இல்லை என்று முரண்டு பிடிக்கும், அதோடு மல்லுக்கட்டாதே.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை முதலில் தேடி எடுத்து வை. பூட் அமைப்பில் கை வைத்தவுடன் அது கேட்டாலும் கேட்கும்.

விண்டோஸ் வந்த பிறகு கடிகாரம் சில மணி நேரம் தப்பாக இருந்தால் பயப்படாதே. லினக்ஸ் மெஷினின் கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இணைய நேரத்தோடு ஒரு முறை சிங்க் செய்தால் போதும். காலியான இடத்தை சி டிரைவோடு சேர்க்கப் போகும்போது 'எக்ஸ்டெண்ட்' மங்கிக் கிடந்தால், நடுவில் விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கலாம். அவசரப்பட்டு அதையும் அழித்துவிடாதே, அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஆமாம், லினக்ஸை எதற்கு நீக்கினாய்? அதை நீ எழுதவே இல்லையே. என்னை அந்தப் பக்கம் இழுத்துவிட்டவனே நீதானே!

அன்புடன்,
செல்வம்