தூரோடு எடுக்க அனுமதி தாருங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்குநேரிப் பக்கத்து மானாவாரிக் குளங்களில் சீமைக் கருவேலம் அகற்றப் போகிறவர்களில் ஒருவன் எழுதுகிறேன். ஆளும் பணமும் கேட்டு வரவில்லை. வெளியூரிலிருந்துகூட பஸ் பிடித்து வருகிறார்கள். எங்களுக்கு வேண்டியது கூடுதல் காலம்.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கிடைக்கிறது. அரிவாளோடு இறங்குகிறோம், போட்டோ எடுக்கிறோம், கலைகிறோம். இல்லையென்றால் மரம் ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது விறகும் கரிமூட்டத்துக்குக் கட்டையும்தான். தூரை, அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டையை, தோண்டினால் அவருக்குக் கூலிதான் நட்டம். எங்கள் குளத்தில் தரையோடு அறுத்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழை விழுந்ததும் ஒவ்வொரு தூரிலும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்துவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்தையும் சேர்த்து எடுக்காவிட்டால், வெட்டுவது கவாத்து செய்வது மாதிரிதான்.

தூரை எடுத்தாலும் தீராது. விதை மண்ணில் பல ஆண்டு கிடக்கும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு புதிதாகப் போட்டுக்கொண்டும் இருக்கும். மழைக்கு அப்புறம் திரும்ப வந்து கன்று பிடுங்க வேண்டும். ஈர மண்ணில் கையாலேயே வந்துவிடும், சின்னப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். அந்த நாட்களுக்குத்தான் அனுமதி கிடைப்பதில்லை.

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே கேட்கிறேன்: தூர் எடுத்த பிறகே கடைசித் தவணை லோடு வெளியே போகலாம் என்று ஏல நிபந்தனையில் சேருங்கள். ஒரு குளத்தை ஒரே குழுவிடம் மூன்று ஆண்டு விடுங்கள்.

ஒன்று மட்டும் எங்களையும் கட்டுப்படுத்த வேண்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நாரைகள் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன, சீமைக் கருவேலத்திலும்தான். அப்படிப் பறவை தங்கும் குளத்தில், பதிலுக்கு வைத்த நாட்டுக் கருவேல் வளர்ந்து நிற்கும்வரை கூட்டு மரங்களைத் தொடக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் நாட்டுக் கருவேலையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்த மாதிரி நெற்றும் இருந்தால் அது நம் மரம். இதைத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் உத்தரவில் எழுதுங்கள்.

ஆவணிக்குள் கடிதம் வந்தால், குளம் வற்றிக் கிடக்கும்போதே தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
நாங்குநேரிப் பக்கத்துத் தன்னார்வலர் ஒருவன்