பஸ்ஸில் சுவிசேஷம்: முதலில் கேட்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பஸ்ஸிலும் சந்தையடியிலும் முன்பின் அறியாதவர்களிடம் கிறிஸ்தவ சமயம் பேசுவோரைக் கண்டித்து அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கடிதத்துக்கு, தலைமுறைகளாகத் திருச்சபையில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் மறுமொழி எழுதுகிறேன். அக்கடிதத்திலுள்ள முறைப்பாட்டில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடானதே. பரிகாரமாக அவர் கோரும் தடைச் சட்டம்தான் உடன்பாடில்லை. விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் அளிக்கிறது. சமயத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் அடங்கவில்லை என்று உயர் நீதிமன்றம் 2003இல் தீர்மானித்ததையும் அறிவேன். ஆயினும் பக்கத்து ஆசனத்திலிருக்கும் இருவர் தாம் நம்புவதைப் பற்றிக் கதைப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தப் புறப்பட்டால், நாளை நல்லூர்த் திருவிழாவைப் பற்றிக் கதைப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

வற்புறுத்தலால் விளைந்தது என்ன என்பதை இந்த யாழ்ப்பாண மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1658 முதல் 1795 வரை இங்கிருந்த ஒல்லாந்தர் ஆட்சியில், விவாகப் பதிவுக்கும் அரச உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்தமையால், பதிவேட்டில் கிறிஸ்தவராகவும் வீட்டில் சைவராகவும் வாழ்ந்தோர் ஏராளம். ஆட்சி மாறியதும் அந்தக் கிறிஸ்தவத்தின் பெரும்பகுதி இருந்த இடம் தெரியாமற் போயிற்று. அதே ஆட்சிக் காலத்தில், 1687இல், கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்தபோது கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் வந்து, கழுத்தில் செபமாலையை மட்டும் அடையாளமாக அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்றவர் புனித யோசப் வாஸ். அவரிடம் பதவியோ படையோ இருக்கவில்லை. கண்டவர்கள் தாமாக விசாரித்து அவரை அண்டினார்கள். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடமும் கொடுத்தார்கள்.

அண்மையில் மினி பஸ்ஸில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். நெற்றி நிறையத் திருநீறும் மடியில் அர்ச்சனைத் தட்டுமாக இருந்த ஒரு வயதான அம்மாவிடம், இளைஞர் ஒருவர் துண்டுப்பிரசுரத்தை நீட்டி, எடுத்த எடுப்பிலேயே நரகத்தைப் பற்றித் தொடங்கினார். அந்த அம்மா மறுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. பிரசுரத்தை நாலாக மடித்துத் தட்டுக்குக் கீழே வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்முடைய ஊரில் அந்நியர் இருவர் சந்தித்தால் "தம்பி எவடம்?" என்றுதான் கதை தொடங்கும், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், வருத்தம் துன்பம் என்ன என்பதெல்லாம் பிறகு தானாக வரும். அந்த இளைஞர் அதில் ஒன்றையேனும் கேட்டிருந்தால், அந்த அம்மா எதற்காகக் கோயிலுக்குப் போகிறார் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். விரும்பினால் தன் விசுவாசத்தைச் சொல்லவும் இடம் கிடைத்திருக்கும்.

இதற்கு வேதாகமத்திலேயே முன்மாதிரி உண்டு. சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தருகே ஓடிய பிலிப்பு, வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்டதோடு நின்றார். ஏறி உட்காரும்படி அழைத்தவர் மந்திரிதான். பேதுருவின் முதலாம் நிருபமும், விசாரித்துக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லவே ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. துண்டுப்பிரசுரத்தோடு பிள்ளைகளை அனுப்பும் சபைகள் இந்தப் பகுதிகளை எவ்வாறு போதிக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

எதிர்த்துப் பேச இயலாதவரிடம் பேசுவதை மாத்திரம் நான் முற்றாக எதிர்க்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர், செத்த வீட்டில் இருப்பவர், நிவாரணப் பொதிக்காக வரிசையில் நிற்பவர் ஆகியோருக்கு எழுந்து போகும் சுதந்திரம் இல்லை. பஸ்ஸில் இருப்பவருக்கு அது ஓரளவேனும் உண்டு; "வேண்டாம் தம்பி" என்று அவர் சொன்ன மாத்திரத்தில் பேச்சு நின்றுவிட வேண்டும். மேலும், துண்டுப்பிரசுரம் அச்சிடும் சபைகள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் அதில் தெளிவாகப் போடும்படி இப்பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பல பிரசுரங்களில் இரண்டும் இருப்பதில்லை. அவை இருந்தால், மனம் நொந்த பயணி சட்டம் கேட்டு ஆசிரியருக்கு எழுதுவதற்கு முன், அந்தச் சபையின் போதகரிடமே நேரிற் போய் முறையிட முடியும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மானிப்பாய்.